ரதியிடம் இரவல் வாங்கிய ஆல்பம்

புதுக் கணினி வாங்கினோம். அதில் சிடி போட இடமே இல்லை. "இனிமே இதெல்லாம் எதுக்கு, தூக்கிப் போடு லா" என்று கணவர் பழைய பெட்டியைக் காட்டினார். திறந்ததும் ஊதா அட்டை போட்ட ஒன்று கண்ணில் பட்டது. அதிலிருந்து உட்காரப் பிடிக்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உங்களிடமாவது சொல்லித் தொலைக்கிறேன், அது என்னுடையதில்லை.

பாலிடெக்னிக் படித்த காலத்தில் நானும் ரதியும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஆங் மோ கியோவுக்கு ஒரே பேருந்தில் போவோம், ஆளுக்கொரு காதில் இயர்போன். நம்மூர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து போட்ட ஆல்பம் அது. ஒரு கலைநிகழ்ச்சி வாசலில் கொஞ்சம் விற்றார்கள், அதோடு சரி. லிஃப்டுக்குக் காத்திருப்பதையும், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்து விளையாடி ஏச்சு வாங்குவதையும் தமிழில் பாடலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மூன்றாவது பாட்டு வந்தால் கால் தரையில் நிற்காது. எங்கேயாவது போயாக வேண்டும். எங்கே என்று கேட்காதீர்கள்.

ரதி வாங்கி வைத்திருந்ததை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். அந்தச் சனிக்கிழமையே கண்ணில் பட்ட பேருந்தில் ஏறி, கேட்டுக்கொண்டே கிராஞ்சி வரைக்கும் போய்விட்டேன். சுற்றிலும் செடிப் பண்ணைகள். திரும்பி வரப் பேருந்து கிடைக்காமல் முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து ரதி கேட்டாள். "பஸ்ஸுல விட்டுட்டேன் டி" என்றேன். அப்படியே வாயில் வந்துவிட்டது. சிடியைக் காப்பி எடுத்துக்கொண்டு கொடுத்திருக்கலாமே என்பீர்கள். எனக்குக் காப்பி வேண்டாம், அதுவேதான் வேண்டும். அப்படியொரு பேராசை!

திட்டுவாள் என்று பார்த்தால், கையைப் பிடித்து பஸ் இன்டர்சேஞ்சுக்கு இழுத்துப் போனாள். தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் கவுண்டரில் ஒரு சீன அங்கிள். ஊதா அட்டை, உள்ளே பாட்டு வரிகள் என்று அவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினாள். பாவம், அவரும் குடைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் கிளறிக்கொண்டே இருந்தார். சிடி என் தோள்பையில், நோட்டுகளுக்கு நடுவில். மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் அழுதுவிட்டேன். "ஏய், பரவால்ல லா, பாட்டுதானே" என்று ரதி எனக்கு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தாள். பாவி, அதையும் குடித்தேன்.

படிப்பு முடிந்தது. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு பேட்டை. பேச்சு மெல்ல நின்றுபோனது.

போன தீபாவளிக்கு முன்னால் சிராங்கூன் சாலை நெரிசலில் தோரணம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் ஒரு தட்டு. ரதி! பக்கத்தில் அவள் மகள்.

"இந்த ஆன்ட்டிதான், சிடிய தொலைச்சிட்டு அழுதாங்களே!" என்று மகளிடம் காட்டிச் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க தேடியும் கிடைக்கல டி. அந்தப் பசங்களும் எங்க போனாங்கன்னே தெரியல. அந்த மூணாவது பாட்டு இருக்குல்ல, எனக்கு டியூனே மறந்துபோச்சு. கொஞ்சம் பாடிக் காட்டேன், இவ கேக்கட்டும்."

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தொண்டையிலேயே இருந்தது. ஆனால் மூன்றே வாரம் பாட்டைக் கேட்டவள் இத்தனை வருடம் கழித்து ஒரு சொல் பிசகாமல் பாடினால் அவளுக்குப் புரியாதா?

"எனக்கும் மறந்துபோச்சு லா."

ரதியின் கை நழுவியது. மகளைப் பார்த்து, "அப்ப அந்தப் பாட்டு போயிடுச்சு மா, இனி யாருக்கும் தெரியாது" என்றாள்.