விலை சொன்னால் வாயில் தண்ணீர்

ஃபிரேம் கடைக்காரரின் மனைவியைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். கல்யாணத்துக்கு முன்னால் துணிக்கடையில் நின்று விற்றவள். மழைக்கு ஒதுங்கினவர்கூட அவளிடம் பேச்சுக் கொடுத்தால் கையில் பொட்டலத்தோடுதான் படியிறங்குவார். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கொழுந்தன் படம் வரைகிறவன். கை தங்கம், வாய்தான் சனியன். யாராவது படத்துக்கு முன்னால் நின்றால் போதும், மூக்கு கோணல், நிழல் சரியில்லை என்று இவனே குற்றம் கண்டுபிடித்துக் கொடுப்பான். விலை கேட்டால், "நீங்களே பார்த்துக் குடுங்க" என்பான். அதனால் 'ஐயோபாவம்' என்ற பேர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது.

அவன் ஒருத்தன்தானா? ஃபிரேம் போட வருகிற அத்தனை ஓவியர்களுக்கும் இதே வியாதி. பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அண்ணி, கடை மாடியைக் கூட்டிப் பாய் விரித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பாடம் நடத்தத் தொடங்கினாள். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர். விலையைச் சொன்னதும் ஒரு வாய் ஊற்றிக்கொள்ள வேண்டும்; வாங்குகிறவர் பேசும்வரை விழுங்கக் கூடாது. ஒருத்தர் வாடிக்கையாளராக நடித்து முகத்தைச் சுளிப்பார். விற்கிறவர் சிரிப்பை அடக்க முடியாமல் பாயெல்லாம் துப்புவார். சிலை செய்கிற மாமாவுக்கு வாராவாரம் புரையேறும். கீழே கண்ணாடி அறுத்துக்கொண்டிருக்கும் புருஷன், உங்கள் பள்ளிக்கூடம் விடுகிறவரை என் கோடு நேராக வராது என்று சலித்துக்கொள்வார். அதெல்லாம் ஒரு காலம்.

பாடம் தொடங்கின அந்த வருஷம்தான் ஐயோபாவத்தின் மச்சான், அவன் பெண்டாட்டியின் அண்ணன், வந்தான். வெளியூரில் சுவர் பெயின்ட் விற்கிறவன். படம் வரைந்து குடும்பம் நடத்த முடியாது, என் கடையில் வந்து உட்கார் என்றான். மழையில் நனைகிற பஸ் நிலையத்தைப் பெரிதாக வரைந்து வைத்திருந்தான் ஐயோபாவம். மாதக் கடைசிக்குள் அது நல்ல விலைக்குப் போகாவிட்டால் தூரிகையை மூட்டை கட்டிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்புவது என்று முடிவாயிற்று. போகாதே என்று அண்ணி சொல்லவில்லை. ஆனால் அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டவுசரோடு ஓடிவந்து அவள் டிரங்குப் பெட்டியில் கரியால் யானை வரைந்தவன் அவன். அவனில்லாத வீட்டை அவளால் நினைக்கக்கூட முடியவில்லை.

ஒரு டாக்டரம்மா அந்தப் படத்தைப் பார்க்கக் கடைக்கு வந்தார். விலை கேட்டார். அண்ணி சொல்லிக் கொடுத்தபடியே ஐயோபாவம் விலையைச் சொன்னான். ஒரு வாய் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டான்.

டாக்டரம்மா பேசவில்லை. படத்துக்குக் கிட்டே போனார், எட்டி நின்றார், கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். இப்படிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பின எத்தனை பேரைப் பார்த்தவள் அண்ணி! துணிக்கடையில் அவளுக்குச் சும்மா நிற்கத் தெரிந்தது. அது முதலாளி வீட்டுத் துணி. இது அவள் வீட்டுப் பிள்ளை.

"வேணும்னா கொஞ்சம்..." என்று ஆரம்பித்தே விட்டாள்.

கன்னம் உப்பியபடியே ஐயோபாவம் தன் டம்ளரை அவள் கையில் திணித்தான். ஒரு நாளும் அவளை முறைக்காதவன் அன்றைக்கு முறைத்தான். அண்ணி மறுபேச்சில்லாமல் ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள்.

டாக்டரம்மா திரும்பினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்குமே பல்வலியா?"

அவர் மறுபடி படத்தின் பக்கம் போய், அதில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆளைக் காட்டினார். "எங்கப்பா பஸ் ஓட்டினவரு. மழைன்னா இப்படித்தான் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு இறங்குவாரு. எப்ப எடுத்துட்டுப் போகலாம்?"

படம் விற்ற சேதி தெரியாமல், மாதக் கடைசியில் மச்சான் சாமான் ஏற்ற வண்டியோடு வந்து நின்றான்.

"மச்சான், நான் வரலை. எனக்கு இங்க வேலை இருக்கு" என்றான் ஐயோபாவம். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஏதாவது சமாதானம் வரும் என்று மச்சான் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். அவள் டீ போட அடுப்படிக்குப் போய்விட்டாள்.