கன்னத்தில் வைத்த கரி

நல்லகாமனுக்கு வீடு கொட்டாம்பட்டியில். வேலை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில், வேதியியல் ஆய்வகத்து அட்டெண்டர். இரண்டு வருடமாகக் கரி சுரண்டுகிறான். இரண்டு கிராஃபைட் குச்சிகளுக்கு நடுவே மின்பொறி பறந்தால் கண்ணாடிக் கூண்டின் சுவரெல்லாம் கரி படியும். ஆறியதும் பிரஷ்ஷால் தட்டி டப்பாவில் சேர்க்க வேண்டும். மாஸ்க் கட்டச் சொல்வார்கள். மூச்சு முட்டுகிறதென்று கழற்றி வைத்துவிடுவான்.

2004 ஆயுத பூஜைக்காகக் கூண்டைத் துடைத்தபோது, மூலையில் ஒட்டிய கரியை வீணாக்க மனம் வரவில்லை. மை மாதிரி அப்படியொரு மென்மை. ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டுபோய் மனைவி ஜெயக்கொடியிடம் கொடுத்தான். "பாப்பாவுக்குத் திருஷ்டிப் பொட்டு வையி." பாப்பாவுக்கு நாலு மாதம்.

விடுமுறை முடிந்து ஆராய்ச்சி மாணவி வசுந்தரா வந்தாள். டப்பாக் கரியை டொலுயீன் என்ற திரவத்தில் கரைத்து வடிகட்டினாள். நாவல்பழச் சாறு போல ஊதாவாக இறங்கியது.

"கரிக்குள்ள இந்தக் கலர் எங்கிட்டு மேடம் இருந்துச்சு?"

"வெறும் கரி இல்லண்ணே. அறுபது கார்பன் கூடி ஒரு பந்து. ஃபுட்பால்ல பன்னெண்டு ஐங்கோணம், இருபது அறுகோணம் வச்சுத் தச்சிருப்பாங்கல்ல, அதே கணக்கு. உள்ள காலி. பின்னாடி அதுக்குள்ள மருந்த வச்சுப் பூட்டி உடம்புக்குள்ள அனுப்பலாம். வெயில்ல கரண்ட் எடுக்கவும் ஆகும்."

"பந்து எம்புட்டுப் பெருசு?"

"ஒரு தலைமுடியோட குறுக்க லட்சம் பந்த அடுக்கலாம்."

"அப்ப... தோலுக்குள்ள போயிருமா?"

சிரிக்க வந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "தெரியலண்ணே. யாருக்கும் இன்னும் சரியாத் தெரியல. வெளிநாட்டுல மீன் தொட்டியில கலந்து பாத்தாங்களாம். மீனோட மூளையில பாதிப்பு தெரிஞ்சிருக்கு. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா."

வயிற்று வலியென்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். மேலூர் தாண்டும்வரை ஒரே எண்ணம். நாலு நாள். தினமும் குளிப்பாட்டி ஒரு பொட்டு. பிள்ளை கன்னத்தைத் தடவும், அதே கையை வாயில் வைக்கும்.

வீட்டில் பாயில் கிடந்த பாப்பாவின் கன்னத்தில் பொட்டு கலைந்து, விரலெல்லாம் கறுப்பு. வாரித் தூக்கிப்போய்க் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்தான். பிள்ளை வீறிட்டது.

"பேயடிச்ச மாதிரி வந்து, ஏங்க பிள்ளைய இந்தப் பாடு படுத்துறீங்க?" ஜெயக்கொடி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள்.

திக்கித் திணறிச் சொன்னான். கேட்டவள் சிரித்துவிட்டாள்.

"அந்தக் கரியா? அதத்தான் ஒட்டவே மாட்டேங்குதுன்னு வெளக்கெண்ணெய்ல குழச்சு வாசப் பூசணிக்காய்க்கு மீசை வரஞ்சுட்டேனே! இது கடை மைய்யி. நீங்களும் உங்க விஞ்ஞானமும்!"

வாசலில் பூசணிக்காய் முறுக்கு மீசையோடு தொங்கியது. உள்ளே நுழையும்போது அது அவன் கண்ணிலேயே படவில்லை.

ஈரத் தலையோடு பாப்பா அவன் பக்கம் தாவியது. வாங்கக் கையை நீட்டியவன் அப்போதுதான் பார்த்தான். சோப்புக்கும் போகாமல், தன் நகக்கண்ணிலும் ரேகைகளிலும் கறுப்பு. கடை மை அல்ல, இரண்டு வருடக் கரி. காலையில் பல் விளக்கும்போது துப்பினால் வருமே, அதே கறுப்பு. பீடிச் சளி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். இந்தக் கையால்தான் இவ்வளவு நேரம் பிள்ளையைத் தேய்த்திருக்கிறான்.

"தூக்குங்களேன், ஏங்கிப்போயி பாக்குது" என்றாள் ஜெயக்கொடி.

நல்லகாமன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.