பத்தியம் சொல்லாத டாக்டர்

இந்தப் பம்பாயில் டாக்டர்கள் பத்தியம் சொல்வதில்லை. ஊரிலிருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். தாதரில் ஒரு பார்ஸி டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார், நரம்பை அடக்கும் பிரோமைட் மிக்சர் எழுதினார், அவ்வளவுதான். "பத்தியம் என்னன்னு கேளுங்கோ" என்று என் கணவரை இடித்தேன். அவர் கேட்டார். டாக்டர் சிரித்து, "சப் குச் காவ்" என்றார். எல்லாம் சாப்பிடலாமாம். அப்படியானால் அது என்ன மருந்து?

எனக்கு வியாதி, பயம். எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாலக்காட்டில் சிறுமியாக இருந்தபோதே உண்டு. வைத்தியர் கஷாயம் கொடுத்து உப்பு, புளி, காரம் மூன்றையும் நிறுத்துவார். வயிறு காய்ந்ததுதான் மிச்சம். கல்யாணமாகி மாதுங்கா வந்தபின், எலெக்ட்ரிக் ரயில்வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாடிப்படி இறங்கமாட்டேன். கறிகாய் வாங்கி வைத்துவிட்டு அவர் ஆபீஸுக்கு ஓடுவார். "இதுவும் கேக்கலேன்னா உன்னை அம்மாகிட்டயே கொண்டு விட்டுடறேன்" என்றார். கோபமில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அதனால்தான் எனக்குக் கதி கலங்கியது.

மருந்து ஆரம்பித்த சில நாளில், அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தபோது ஏதோ குறைவது தெரிந்தது. நெஞ்சுக்குள் சத்தமில்லை. கொட்டுமேளம் நின்ற கல்யாண வீடு மாதிரி அப்படியொரு அமைதி. மற்றவர்களெல்லாம் தினமும் இப்படியா இருக்கிறார்கள்? அந்த ஆச்சரியத்தில் சாதம் அடிப்பிடித்தது.

இவ்வளவு பெரிய மருந்தைப் பத்தியமில்லாமல் சாப்பிடுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை. யாரிடமும் சொல்லாமல் உப்பை விட்டேன். போகப்போக நாக்கு குழறியது, சுவரைப் பிடித்து நடந்தேன். "போறும், ஊருக்குக் கிளம்பு" என்று அவர் பெட்டியை இறக்கிவிட்டார். கடைசியாக ஒருமுறை டாக்டரிடம் போனோம். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். "உப்பையே தொடறதில்லைன்னு சொல்லுங்கோ" என்றேன் பெருமையாக.

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. மருந்தை உடம்பிலிருந்து வெளியே தள்ளுவதே உப்புதானாம். உப்பில்லாவிட்டால் மருந்து தேங்கி விஷமாகுமாம். மிக்சரை நிறுத்தி, உப்பும் தண்ணீருமாகச் சாப்பிடவைத்து, தெளிந்தபின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்.

அந்தப் பெட்டி மறுபடி பரணுக்குப் போயிற்று. ஒரு நாள் நானே படியிறங்கி, தனியாக வண்டி ஏறி, கடைசி ஸ்டேஷன் போரிபந்தர் வரை போய்வந்தேன். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்திக்காரி ஒருத்தி நான் அழுவதைப் பார்த்து, "ஊர் ஞாபகமா?" என்று இந்தியில் கேட்டாள். இல்லை, சந்தோஷம் என்று சொல்ல எனக்குப் பாஷை போதவில்லை. தலையாட்டி வைத்தேன்.

இந்த வருஷம் லீவில் ஊருக்குப் போனோம். நான் குணமானது பகவதிக்குத் தான் நேர்ந்துகொண்டதால்தான் என்பது அம்மாவின் தீர்மானம். "அவதான்டி காப்பாத்தினா. நன்னா தொழுதுக்கோ" என்று கோவிலில் என்னை முன்னால் தள்ளினாள். நடை திறந்தது. கைகூப்பிக் கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள் வந்து நின்றவர் பார்ஸி டாக்டர். விலகிப்போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்தே நமஸ்காரம் பண்ணினேன்.