விளக்கைத் திருப்பச் சொன்ன புவனேஸ்வரி

பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது புவனேஸ்வரியின் மகள் அழைத்தார். “அங்கிள், அம்மா காலையில தவறிட்டாங்க” என்றார். மீனை அங்கேயே விட்டுவிட்டுச் சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கிளம்பினேன். எங்கள் நாணயக் கழகத்தில் என் வாயை அடைத்த ஒரே ஆள் புவனேஸ்வரி. இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

மின்னணுத் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நுண்ணோக்கியில் சிப்புகளைச் சோதித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. இருநூறு ஆண்டுப் பழைய அமெரிக்க அரை டாலர் வெள்ளிக் காசுகள்மீது அவருக்குப் பைத்தியம். அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சுகளைக் கையால் செய்தார்கள். நட்சத்திரம், எழுத்து, எண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதித்ததால் ஓர் அச்சைப் போல இன்னொன்று இருக்காது. ஒரு காசை எந்த முன் அச்சும் எந்தப் பின் அச்சும் சேர்ந்து அடித்தன என்று சொல்லிவிடுவார்.

கழகத்துக்கு வந்த முதல் நாளே, “வருஷத்த அப்புறம் பாக்கலாம் அண்ணே. நட்சத்திரம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க” என்றார். செயலாளரான எனக்கே பாடமா என்று கொஞ்சம் எரிச்சல்தான்.

பிறகு ஒரு கூட்டத்தில், தன் காசு ஒன்று மிக அரிதான அச்சு ஜோடி என்றார். வெளிநாட்டு நிபுணர்களுக்குக் கழகத்தின் பெயரில் எழுத வேண்டும் என்றும் கேட்டார். பின்பக்கம் ரொம்பத் தேய்ந்திருந்தது. கழுகின் சிறகை ஒட்டி ஓடிய ஒரு கோடு மட்டுமே ஆதாரம். அது அச்சில் விழுந்த விரிசல் என்பது அவர் கட்சி. அச்சு வெடித்தால் காசில் கோடு மேடாக எழும். யாராவது கீறியிருந்தால் பள்ளமாக இறங்கும். அவர் கொடுத்த பெரிய படத்தில் எனக்குப் பள்ளம்தான் தெரிந்தது. “கீறல். நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் டத்தோ கிராமாட்டிலுள்ள என் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் காசு, மறு கையில் மேசை விளக்கு. என் மனைவி கொடுத்த தேநீரைக்கூடத் தொடவில்லை.

“படத்த விடுங்க அண்ணே. காசப் பாருங்க. விளக்க நீங்களே திருப்புங்க.”

காசின் கீழ் விளிம்புப் பக்கம் விளக்கு இருந்தபோது கோடு பள்ளமாகவே தெரிந்தது. மேல்பக்கம் நகர்த்தினேன். அதே கோடு மேடாக எழுந்து நின்றது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. அதனால் கீழிருந்து வெளிச்சம் விழுந்தால் மேடும் பள்ளமாகத் தெரியும். படம் எடுத்தபோது அவர் விளக்கைக் கீழே வைத்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, நான் சொன்னது தப்பு என்றேன். அவர் விடவில்லை. “அண்ணே படத்தப் பாத்துச் சொன்னது சரிதான். படம் எடுத்தது என் தப்புலா” என்றார். நிபுணர்களிடமிருந்து ஆமாம் என்று பதில் வந்த நாளில், பினாங்கு முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். அவரோ அடுத்த காசைத் தேடிப் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு மகள் அந்தக் காசின் சிறிய காகித உறையை என்னிடம் காட்டினார். மணிமணியான கையெழுத்தில் முன் அச்சு, பின் அச்சு, விரிசல் எல்லாம் குறித்திருந்தார். கண்டுபிடித்தவர் யார் என்று எழுதவே இல்லை. கடைசி வரியில், “விளக்கைத் திருப்பிப் பார்த்தவர்: செல்வராஜு அண்ணன்” என்று என் பெயர் இருந்தது.

அவருடைய மேசை விளக்கைப் போட்டு, காசின் மேல்பக்கம் நகர்த்தினேன். கோடு எழுந்து நின்றது.

நீங்கள் சொன்னதுதான் சரி, தங்கச்சி. போய் வாருங்கள்.