மாஸ்கோ வண்டி யாஞ்சிமா

சோவியத் உடைந்து, எங்கள் மங்கோலியாவின் உலான்பாத்தரில் சம்பளம் நின்றுபோன காலத்தில் யாஞ்சிமா அக்கா பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் தோல் ஜாக்கெட் மூட்டைகளோடு மாஸ்கோ ரயிலில் ஏறினாள். வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜன்னலை இறக்கி வியாபாரம். கீழே நிற்கும் ரஷ்யர்கள் ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். அக்கா ஒரு கையால் ஜாக்கெட்டையும் மறுகையால் ஆளின் தலைமுடியையும் பிடிப்பாள். மூட்டை தூக்க நானும் அவளோடு பலமுறை போயிருக்கிறேன்.

ஒரு மத்தியானம், ரஷ்ய எல்லை தாண்டியதும், எங்கள் ஊர்ப் பையன்களே மூன்று பேர் கத்தியோடு பெட்டிக்குள் வந்தார்கள். ஒருவன் என் கழுத்தில் கத்தியை வைத்தான்.

"மூட்டைய எடுத்துக் குடுடா!"

அக்கா அப்போது பெட்டிக் கோடியில் டீக்குக் கொதிநீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தோடு வந்தவள், நின்றுகூடப் பார்க்காமல் அவன் முகத்தில் ஊற்றினாள். அவன் அலறிக்கொண்டே கத்தியை வீசியதில் அவளுடைய இடக்கையின் இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. இரண்டாமவன் வெளியிலிருந்து எங்கள் தடுப்பறைக்குள் கைநீட்ட, அவள் அதன் இழுகதவை அந்தக் கைமேல் அறைந்து சாத்தினாள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாமவன் ஓடிவிட்டான்.

அதற்குள் பெட்டியே திரண்டுவிட்டது. வெந்த முகத்தோடு கிடந்தவனை மிதித்தார்கள், உதைத்தார்கள், வாசலுக்கு இழுத்துப்போய் ஓடும் வண்டியின் கதவைத் திறந்தார்கள். நானும் அவன் காலைப் பிடித்துத் தள்ளினேன்.

அக்கா ரத்தம் சொட்டச் சொட்ட வந்து அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா! உன் விரலயே வெட்டிருக்கான்!"

"வெட்டுனது என் விரலத்தானடா. உனக்கென்ன இவ்வளவு அவசரம்? கதவ சாத்து!"

யாரும் அசையவில்லை. அவள் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

அடுத்த ஸ்டேஷனில் மாட்டிய இருவரையும் போலீஸ் இழுத்துப்போனது. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை.

கட்டுப் பிரித்த உடனே அவள் மறுபடி மூட்டை கட்டினாள். நான் கெஞ்சினேன்.

"இனி பிளேன்ல போ, அக்கா."

"பிளேன்ல போனா வழியில யாருக்கு விக்கிறது? மேகத்துக்கா?"

அதன்பிறகும் பல வருஷம் போய்வந்தாள். மகளைப் படிக்கவைத்தாள், வீடு கட்டினாள். நான் அந்த வண்டியில் மறுபடி ஏறவேயில்லை.