பகலில் விளக்கு வைத்த கடை

கேளம்பாக்கத்துப் பெரிய கடைக்குப் போனால், அப்பா சாமான் எடுக்காமல் அடுக்குகளில் எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். உங்கள் அம்மா மட்டும் சிரிப்பதில்லை. அவளுக்கு விஷயம் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. செங்கல்பட்டில் கடைகளுக்கு போர்டு செய்துகொடுக்கிற ஒரு பட்டறையில் நான் தினக்கூலிக்கு இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கடைக்குள்ளே, சோப்பு அடுக்கின் மேலேயே மாட்டுகிற விளக்குப் பெட்டி வந்தது. ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான தகரப் பெட்டி. உள்ளே சின்ன டியூப் லைட், சோக்கு, ஸ்டார்ட்டர். முன்பக்கம் பால் நிறத்தில் ஒரு தகடு. அதன்மேல் கம்பெனி அனுப்புகிற படம். சினிமா பிலிம் மாதிரி ஒளி ஊடுருவுகிற தாளில் ஒரு பெண்ணின் முகம், ஈரக் கூந்தல், கையில் சோப்பு.

பெட்டியைச் சோதிக்கும்போது பட்டறையின் ஷட்டரை இறக்கிவிடுவோம். இருட்டில் ஸ்விட்சைப் போட்டால் விளக்கு உடனே எரியாது. இரண்டு மூன்று தடவை மினுக்கும். குளத்துக்கு அடியிலிருந்து யாரோ மெல்ல மேலே வருவது போல அந்த முகம் வரும். வந்து நின்றதும் சோக்கு லேசாக ரீங்காரம் போடும். அந்தச் சத்தமும் வெளிச்சமும் சேர்ந்து ஒரு மயக்கம். பட்டறைச் சுவரில் தொங்குகிற ரம்பம், சுத்தியல் எல்லாம் இளநீல நிறத்தில் நனைந்து, நான் ஏதோ தண்ணீருக்கு அடியில் இருக்கிற வீட்டில் வேலை செய்கிற மாதிரி இருக்கும். முதலாளி ஷட்டரைத் தூக்கினால்தான் செங்கல்பட்டு திரும்ப வரும்.

உங்கள் அம்மாவை அப்போது பேசி வைத்திருந்தார்கள். உங்கள் தாத்தா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"பையன் நல்லவன்தான். ஆனா தெனக்கூலிக்கு நான் பொண்ண அனுப்ப மாட்டேன். மாசச் சம்பளம்னு ஒரு வார்த்த சொல்லட்டும், தை மாசமே வெச்சிக்கலாம். இல்லன்னா வேற எடம் பாக்கறேன்."

முதலாளியிடம் போய் நின்றேன். அவர் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இந்தக் கடற்கர பக்கத்துக்கு கம்பெனி ஒத்தப் பெட்டிதான் குடுத்துகீது. புதுப்பட்டினத்துல ஒரு மளிகக் கடைல மாட்டணும். பகல் முச்சூடும் எரியணும். கம்பெனிக்காரரு வந்து பாப்பாரு. ஜனங்க நின்னு பாக்குதுன்னா, கேளம்பாக்கத்துலேர்ந்து கல்பாக்கம் வரைக்கும் கட கடையா மாட்டுற வேல நமக்குத்தான். அப்ப நீ மாசச் சம்பளம். புடிக்கலன்னா, நானே ஆளக் கொறைக்கணும்பா."

ஆக, என் கல்யாணம் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னாப்பா, உள்ள கொழந்த தூங்குதா?" என்று கேட்டார்.

கடையை நடத்தியது ஒரு அக்கா. சாமி படத்துக்குக் கீழே மர நாற்காலி, பக்கத்தில் தராசு, வாசல் படியோரம் வாய் திறந்த கல் உப்பு மூட்டைகள். மீனைக் காயவைத்துக் கருவாடு போடுகிற பெண்கள் உப்புக்கு அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் ஆட்கள் சோப்பு, பவுடர் வாங்குவார்கள். கடையின் உட்புறம் மத்தியானத்திலும் மங்கலாகத்தான் இருக்கும். அதனால்தான் கம்பெனி அந்தக் கடையைப் பிடித்திருந்தது.

மாட்டிக்கொண்டே என் தை மாதக் கதையையும் அக்காவிடம் சொன்னேன். முடித்து ஸ்விட்சைப் போட்டேன். மினுக்கி மினுக்கி முகம் வந்தது. சோப்பு அட்டைகளின் ஓரமெல்லாம் ஒளிக்கோடு ஓடியது. அக்கா எழுந்து நின்று இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் உற்றுப் பார்த்தாள்.

"வெறும் நெத்தியா கீறாளே."

"விளம்பரம்க்கா. அப்படித்தான் எடுப்பாங்க."

"எடுக்கறவன் எடுப்பான். என் கடைக்கு வந்துட்டாளே."

தராசுக்கு வைக்கிற அதே குங்குமத்தைக் குழைத்து அந்தப் பெண்ணின் நெற்றியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். பெட்டியின் மேலே இரண்டு விரல்கடை கதம்பம். நாமும் புது சைக்கிள் வாங்கினால் பொட்டு வைக்கிறோம், மிக்ஸிக்கு வைக்கிறோம். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பார்க்க அழகாகக்கூட இருந்தது. குங்குமத்தை ஒளி ஊடுருவாது அல்லவா? அதனால் விளக்கு எரியும்போது பொட்டு கறுப்பாகத் தெரியும். அணைந்தால் சிவப்பாகிவிடும்.

சில வாரம் கழித்து, கம்பெனிக்காரர் வருகிற நாளைச் சொல்லிவிட்டு வர முதலாளி அனுப்பினார். நல்ல வெயில் காலம். தெருவில் கருவாட்டு வாசனை. நான் போனபோது பொட்டு சிவப்பாக இருந்தது. விளக்கு எரியவில்லை.

"இன்னாக்கா, டியூப் போயிடுச்சா?"

"அதெல்லாம் போவல. நாந்தான் மலையேத்திட்டேன்."

அந்த வார்த்தையைக் கேட்டு அப்படியே நின்றேன். டியூப் லைட்டை யாரும் மலையேற்ற மாட்டார்கள். 'ஆப் பண்ணிட்டேன்' என்றுதான் சொல்வார்கள். மலையேற்றுவது என்பது சாமி விளக்கை. அணைத்தேன் என்று வாயால் சொல்லக்கூடாது என்பதற்காகச் சொல்கிற வார்த்தை.

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இது எரியறப்ப ஒருத்தி உப்பு கேக்க மாட்டேங்கறாப்பா. வராளுங்க, படிகிட்ட நிக்கறாளுங்க, விளக்கப் பாக்கறாளுங்க, கண்ணுல ஒத்திக்கினு போயிடறாளுங்க. மொதல்ல எனக்கே புரியல. அப்பறம் ஒருத்தி வாய வுட்டுக் கேட்டா. குடுக்கலாம்னு மூட்டைல கைய வுட்டேன். எனக்கே கை வரல."

உங்களுக்கு இது தெரியுமோ தெரியாதோ. விளக்கு வைத்த பிறகு உப்பு கேட்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. உப்போடு சேர்ந்து வீட்டு லட்சுமியும் போய்விடுவாள் என்பார்கள். பொழுது சாய்ந்து சாமி படத்தின் முன்னால் விளக்கு ஏற்றியதும் அக்கா உப்பு மூட்டையின் வாயைச் சுருட்டிவிடுவாள். அந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். இப்போது பொட்டும் பூவுமாக ஒரு முகம் காலையிலேயே எரிகிறது. எரிந்தால் விளக்கு வைத்தாயிற்று. அந்தக் கடையில் காலை எட்டு மணிக்கே சாயங்காலம் ஆகிவிட்டது.

"அக்கா, பொட்ட மட்டும் தொடச்சிட்டா..."

முடிக்கவிடவில்லை. "எவ நெத்திலேர்ந்து? தையில தாலி கட்டப் போறவன் பேசுற பேச்சா இது?"

 துடைக்கச் சொல்லியிருந்தாலும் என் கை போயிருக்காது. வெளியே வெயிலில் உப்பு மூட்டைகள் கண் கூசின. பெட்டிக்குள் இருந்த முகம் தூங்குகிற மாதிரி இருந்தது. அந்த முகத்தோடு தை மாதமும் தூங்கப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கு உப்புதான் பிழைப்பு. அதை விட்டுவிட்டு எனக்காகப் பகலெல்லாம் விளக்கு எரிக்கச் சொல்ல எந்த வாயால் முடியும்? கிளம்ப எழுந்தேன்.

"கம்பெனிக்காரன் என்னிக்கு வரான்?" என்று அக்காவே கேட்டாள்.

சொன்னேன்.

"அன்னிக்கு எரியட்டும். உப்பு ஒரு நாளு விக்கலன்னா கெட்டா போவும்? பொண்ணு வேற எடம் பூட்டா திரும்ப வராது."

அந்த நாளும் வந்தது. கம்பெனிக்காரர் டை கட்டிய இளைஞர், கோயம்புத்தூர்ப் பக்கம். அக்கா போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து பன்னீர் சோடாவைக் குடித்தபடி பெட்டியைப் பார்த்தார். முகம் ஏறி வந்தது. பொட்டு கறுத்தது.

"அது என்னங்க, நெத்தியில?"

"பொட்டு சார்," என்றாள் அக்கா.

"யாரு வைக்கச் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்?"

அவர் இன்னொரு மடக்கு சோடா குடித்தார். கடற்காற்று வந்து போனது. கதம்பம் அசைந்தது. அந்த மங்கலான கடைக்குள் நாங்கள் மூன்று பேரும் நீல வெளிச்சத்தில் மீன் தொட்டிக்குள் இருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.  ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். வந்தால் என்ன சொல்வார்களோ என்று இன்னொரு பயம்.

வந்தார்கள். முதலில் ஒருத்தி, இடுப்பில் காலிக் கூடையோடு. படியில் கால் வைத்தவள் விளக்கைப் பார்த்து நின்றாள். அக்காவைப் பார்த்தாள். திரும்ப விளக்கைப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கூடையோடு வந்து நின்றார்கள். எல்லோர் கண்ணும் பெட்டி மேலேயே இருந்தது. கம்பெனிக்காரர் சோடாவைக் கீழே வைத்தார்.

"எதைப் பார்க்கறாங்க?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"விளக்கத்தான் சார் பாக்கறாங்க," என்றேன். அது உண்மை.

கூடைக்காரிகளில் வயதானவள் பொறுமை இழந்தாள். "ஏங் கடைக்காரி, இன்னும் எவ்ளோ நேரம் இது எரியும்? அங்க மீனு காத்துகினு கீது."

"சார் போற வரைக்கும்," என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"அந்தம்மா என்ன கேக்கறாங்க?" என்றார் கம்பெனிக்காரர்.

"விளக்கு எவ்ளோ நேரம் எரியும்னு கேக்குது சார்," என்றாள் அக்காவே.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நேரம் கேட்டு வந்து பார்க்கறாங்களா?"

"நேரம் பாத்துத்தான் சார் வருவாளுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. ரொம்ப நேரம் சும்மா நின்ற வெட்கத்தில் ஒருத்தி, "செரி, அந்த சோப்பாவது ஒண்ணு குடு," என்று வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி அவளைக் குத்தினாள். "கருவாட்டுக்கு சோப்பு போடப் போறியாடி?"

அது கம்பெனிக்காரர் காதில் விழுந்ததா, தெரியவில்லை. அவர் எழுந்து படிக்குப் போய், அந்தப் பெண்கள் நின்ற இடத்தில் தானும் நின்று, அவர்கள் பார்த்த மாதிரியே பெட்டியைப் பார்த்தார். வெயிலில் நின்று பார்த்தால் அந்த முகம் தூரத்தில், இருட்டுக்குள்ளே, யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். 

"நல்லா இழுக்குதுங்க," என்றார். "எல்லாக் கடைக்கும் போட்டுடலாம். உங்க முதலாளிகிட்ட இன்னைக்கே போன்ல சொல்லிடறேன்."

அவருடைய பைக் தெருமுனையில் திரும்புகிறவரை யாரும் அசையவில்லை. நான் சோப்பு அட்டைப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"இன்னா, தாலிக்கு சொல்லிடலாமா?"

"மாசச் சம்பளம்தான்க்கா," என்றேன். அந்த வார்த்தையை நான் முதல் தடவை சொன்னது அந்தக் கடையில்தான்.

அக்கா எழுந்து பெட்டியின் முன்னால் நின்று, ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்விட்சைத் தட்டினாள். பொட்டு சிவந்தது. அவ்வளவுதான், தெரு முழுவதும் இதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி கூடைகள் படியேறின. "எனக்கு மொதல்ல", "தள்ளுடி, நான் காலைலேர்ந்து நிக்கறேன்", "உன் கடைல விடிஞ்சிடுச்சாக்கா இப்ப?" தராசில் உப்பு கொட்டுகிற சத்தம் மணல் சரிகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போக மனம் வராமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளம் என்றால் அந்தச் சத்தம்தான் என்று ஏனோ எனக்குத் தோன்றியது.

கூட்டம் குறைந்ததும் அக்கா ஒரு பையில் கல் உப்பை அள்ளி முடிச்சுப் போட்டாள். உப்பைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது என்பதால் என் கையில் கொடுக்கவில்லை. படிமேல் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு மொத சாமான் உப்புதான். நீயே எடுத்துக்க. பொழுது சாயறதுக்குள்ள பொண்ணு வூட்டுல போய் வெச்சிடு."

எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.