ஆயில் மாத்தலையா என்று கேட்டார்கள், எஸ் என்றேன்

1. வரப்பில் ஒருத்தர், சேற்றில் ஒருத்தர்

இலஞ்சியில் சங்கரபாண்டியன் அண்ணாச்சி வயலில், நட்ட நடுச் சேற்றில் பவர் டில்லர் நின்றுவிட்டது. கார் பருவத்து நடவு நேரம். மடை திறந்தாச்சு, நாற்று பறிக்க ஆள் சொல்லியாச்சு. எஞ்சின் இறுகிப்போய், ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் அசைவேனா என்கிறது.

"ஏலே முத்து, ஜப்பான் மிஷினு ஜப்பான் மிஷினுன்னு என் தலையில கட்டிட்டு இப்பம் முழிக்கியே! உன் பேச்சக் கேட்டு மாட்ட வித்துட்டு நிக்கேன்லே!" என்று அண்ணாச்சி வரப்பில் நின்று கத்துகிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இது அறுபதுகளில் நடந்தது. அந்த ஜப்பான் கம்பெனிக்கு இங்கே சொந்த ஆபீஸ் கிடையாது. மெட்ராஸில் ஒரு ஏஜென்சி மெஷினை வாங்கி விற்கும். ஊருக்கு ஊர் ஏஜென்சியின் டிப்போ. தென்காசி டிப்போ என்றால் ஸ்டேஷன் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, அதில் மெக்கானிக் நான் ஒருத்தன். பஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டு இதில் சேர்ந்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போகிற போக்கில் பஸ் கம்பெனி போர்மேனைத் திட்டிவிட்டு வந்ததால் அந்த வாசலில் இனி ஏற முடியாது. அந்தத் தையில்தான் கல்யாணம் வேறு. "மாப்பிள்ளைக்கு ஜப்பான் கம்பெனியாக்கும்" என்று மாமனார் செங்கோட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இந்த வேலை போனால் எனக்கு நாதி இல்லை.

தந்தி கொடுத்த மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் ஏஜென்சி மேனேஜர் ரகுநாதன். காலேஜ் படிப்பு, இஸ்திரி கலையாத பேன்ட். இன்னொருவர் மோரி. பாக்டரி தன் சொந்த ஆளாக மெட்ராஸில் வைத்திருந்த ஒரே இன்ஜினியர். எங்கே மெஷின் நின்றாலும் அவரே நேரில் போய்ப் பார்க்கவேண்டும், அதுதான் ஜப்பானிலிருந்து அவருக்கு வந்திருந்த உத்தரவு. எங்கள் ஊர்க்காரர்கள் முதல் நாளே அவருக்கு 'மோர்க்காரர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மேனேஜர் குடையோடு வரப்பிலேயே நின்றுகொண்டார். மோரி செருப்பைக் கழற்றினார், பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார், சேற்றில் இறங்கினார். அதுவரை நான் பார்த்த கம்பெனி அதிகாரி ஒருத்தரும் காரை விட்டே இறங்கியதில்லை. எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும்.

எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆயில்... யூ டிட் நாட் சேஞ்ச்?" என்றார்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். ஆனாலும் மறைக்க மனசு வரவில்லை. "எஸ் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நோட்டில் ஏதோ குறித்தார். வரப்பிலிருந்த மேனேஜரும் தன் நோட்டில் குறித்தார்.

2. கொட்டகையில் நடந்த ரகளை

எஞ்சினைக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றி டிப்போவுக்குக் கொண்டு வந்தோம். அண்ணாச்சி வயல் காயக்கூடாது என்று மோரி, டிப்போவில் டெமோவுக்கு வைத்திருந்த மெஷினை உடனே இலஞ்சிக்கு அனுப்பச் சொன்னார். மேனேஜர் முகம் சுளித்தார். "டெமோ மெஷின் அழுக்காயிடும்" என்றார். மோரி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் எஞ்சினைப் பிரித்தோம். உள்ளே ஆயில் தார் மாதிரி இருந்தது. மேனேஜர் தன் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"டேய், நேத்து என்ன சொன்ன? ஆயில் மாத்திட்டேன்னு சொன்னியா இல்லையா? வாய் கூசாம பொய் சொல்ற! நாளையிலேர்ந்து வராதே!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் எப்ப சார் மாத்துனேன்னு சொன்னேன்? மாத்தலன்னுல்லா ஒத்துக்கிட்டேன்!"

"எஸ்னு சொன்னியேடா!"

"ஆமா, எஸ்னுதான் சொன்னேன்!"

மேனேஜர் மோரியைப் பார்த்தார். மோரியோ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தன் நோட்டை மெதுவாகத் திருப்பிக் காட்டினார். ஆயில் என்ற இடத்தில் பெருக்கல் குறி. "ஹீ சே எஸ். சோ, நாட் சேஞ்ச்" என்றார், இதில் என்ன குழப்பம் என்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "சார், உங்க வீட்டுல 'இன்னும் சாப்பிடலையா'ன்னு கேட்டா என்ன சொல்லுவிய? 'ஆமா, சாப்பிடல'ன்னு சொல்ல மாட்டியளா? அப்படித்தான் நான் எஸ்னு சொன்னேன்."

மோரியின் பாஷையிலும் அதே கணக்குத்தானாம். மாத்தலையா என்றால், ஆமாம், மாத்தவில்லை. இங்கிலீஷ்காரன்தான் அதற்கு 'நோ' போடுகிறவன். அரைகுறை இங்கிலீஷ் பேசிய நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் சரியாகப் புரிந்துகொண்டோம். முழு இங்கிலீஷ் தெரிந்தவர்தான் தப்பாக எழுதிவிட்டார். விஷயம் புரிந்ததும் மோரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "சரிப்பா, பொய் சொல்லல. மாத்தலைங்கறது நிஜம்தானே? அதுக்கே உன்னை அனுப்பணும்" என்றார்.

நியாயமான பேச்சு.

3. ஏன், ஏன், ஏன்

மோரி ஒரு காலி ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். அவரைக் குற்றாலம் பங்களாவில் தங்க வைத்திருந்தோம். காலையில் சாரலில் நடந்து அருவிக்குப் போய், ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். "குற்றாலம், எவ்ரிபடி ஆயில். எஞ்சின், நோ ஆயில். ஒய்?" என்றார்.

திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

புது ஆயில் டின் இல்லை என்றேன். ஏன் இல்லை? மூன்று லெட்டர் போட்டேன், மெட்ராஸிலிருந்து வரவில்லை. மோரி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். "ஆயிலுக்குத் தனியா அச்சடிச்ச பாரம் இருக்கு, அதை நிரப்பி அனுப்பணும். வெறும் லெட்டரை செக்‌ஷன்ல எடுக்க மாட்டாங்க" என்றார் மேனேஜர். அந்த பாரம் ஏன் டிப்போவில் இல்லை? மேனேஜர் தன் நோட்டைப் புரட்டத் தொடங்கினார்.

டின் இல்லையென்றால் மெஷினை ஏன் நிறுத்தவில்லை? "ஐம்பது மணி நேரம் ஓடினா மாத்தணும்னு புக்குல இருக்கு சார். வயல்ல யாருட்ட வாட்ச் இருக்கு? எத்தனை மணி ஓடுச்சுன்னு டிரைவர்ட்ட கேட்டா, விடிஞ்சதுல இருந்து ஓடுதுங்கான். ஆனா சத்தத்த வச்சே எனக்குத் தெரிஞ்சுது. அண்ணாச்சி தண்ணி போயிரும்னு விரட்டினாரு. நான் வாய மூடிக்கிட்டேன். அது என் தப்புதான்."

மேனேஜர் இதை இங்கிலீஷில் சொன்னார். என் தப்பு என்ற இடத்தை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"வாட்ச் இல்லை. ஓகே. தென், ஹவ் பார்மர் கவுன்ட்?" என்றார் மோரி.

கோட்டைக் கணக்கு என்றேன். கோட்டை என்பது எங்கள் பக்கத்து நெல் அளவு; ஒரு கோட்டை விதை எவ்வளவு நிலத்துக்கு விதைக்க ஆகுமோ, அது ஒரு கோட்டை விதைப்பாடு. இங்கே பயிர் வைக்கிற எந்தச் சம்சாரிக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அது தெரியும். மோரி பென்சிலை வைத்துவிட்டு எழுந்தார். "லெட்ஸ் கோ" என்றார்.

இரண்டு நாள் இலஞ்சி வயலில் அவர் கையில் வாட்ச், என் கையில் டில்லர். ஒரு கோட்டைக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துக் குறித்தோம். அண்ணாச்சி கூடக் கோபம் மறந்து, "ஏட்டி, மோர்க்காரருக்குக் கொஞ்சம் மோரு கொண்டா!" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மெட்ராஸுக்குக் கிளம்பும்போது மேனேஜர் டைப் அடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை மோரியிடம் நீட்டினார். காரணம்: மெக்கானிக்கின் கவனக்குறைவு. என் கதை அந்த ஒரு வரியில் முடிந்திருக்கும். மோரி கையெழுத்துப் போடவில்லை. வேறு காகிதம் எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். முதல் காரணம்: புத்தகம் தப்பு, அதை எழுதியது மோரி. இரண்டாவது, டிப்போவுக்கு வராத பாரம்; மூன்றாவது, வராத ஆயில் டின். கடைசியில்தான் மெக்கானிக் சொல்லாமல் இருந்தது. மேனேஜர் அதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டும்போது அவர் குரலே இறங்கிப்போயிருந்தது. நான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அழுதேன்.

4. பத்தாவது கட்டம்

அப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஆயில் டின்கள் மட்டும் கேட்காமலேயே வந்துகொண்டிருந்தன. வேலையில் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமலேயே தினமும் கொட்டகையைத் திறந்தேன்.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த நேரத்தில் மேனேஜர் திரும்ப வந்தார். பையிலிருந்து ஜப்பானிலிருந்து வந்த ஒரு தாளை எடுத்தார். மெஷினில் ஒட்டப்போகும் தகட்டின் மாதிரி. நாலு கோட்டை விதைப்பாடு உழுதால் ஆயில் மாற்றவும் என்று தமிழில் இருந்தது. அடியில் பத்துக் கட்டங்கள். ஒன்பதில் கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பாகச் சின்னச் சின்ன முத்திரை. அங்கே ஒருத்தர் தனியாக முடிவெடுக்க மாட்டார்களாம். சம்பந்தப்பட்ட எல்லார் மேசைக்கும் தாள் போய், எல்லா முத்திரையும் விழுந்தால்தான் பாக்டரியில் வேலை ஆரம்பிக்குமாம்.

"பத்தாவது கட்டம் யாருக்கு சார்?" என்று கேட்டேன்.

"தென்காசி மெக்கானிக்னு போட்டிருக்கு" என்றார். தாளை என்னிடம் நீட்டி, "நாலு கோட்டைங்கறது சரியான்னு நீ பார்த்துச் சொல்லணுமாம். நீ கையெழுத்துப் போடலைன்னா இந்தத் தகடு அடிக்க மாட்டாங்களாம்ப்பா" என்றார்.

இதைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளா, நீங்கள் பெரிய பெரிய கம்பெனிகளில் இருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். மெஷின் நின்றால் யார் என்று கேட்காதீர்கள், ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் சொன்னவனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் முத்திரை ஏது? கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். 'சேறு ஆழமான வயல் என்றால் மூன்று கோட்டை' என்று ஒரு வரி சேர்த்தேன். மேனேஜர் தன் பேனாவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நிற்க, பத்தாவது கட்டத்தில் இ. முத்து என்று தமிழில் எழுதினேன்.